எஞ்சின் சந்திப்பு, பினாங்கு: எத்தனை நாள், எத்தனை சுற்று?

பிறைக்காரன் | வெள்ளி, இரவு 9.14

மக்களே, நாம் எழுதிய செஸ் எஞ்சின்களை (தானாகச் செஸ் ஆடும் நிரல்களை) மோத விடும் இந்த வருடச் சந்திப்புக்கு இடம் சொல்லி வைத்துவிட்டேன். லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில் போன முறை கூடிய அதே மாடி அறைதான். பிளக் பாயிண்ட் மட்டும் இரண்டு கூடுதலாகப் போட்டுத் தருகிறார்களாம்.

எத்தனை நாள், எத்தனை சுற்று என்பதைத்தான் இப்போது முடிவு செய்ய வேண்டும். போன வருடம் எட்டு எஞ்சின், ஏழு சுற்று, ஒரே நாள். ஆளுக்கு 15 நிமிடம், நகர்த்தலுக்கு 5 வினாடி கூடுதல். காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் எஞ்சின் சொன்ன காயைப் பலகையில் வைத்து, கடிகாரத்தை அமுக்கி, எதிராளி வைத்ததை மடிக்கணினியில் தட்டுவதற்குள் அந்த 5 வினாடி போயே போய்விட்டது. எஞ்சின் யோசிக்க வேண்டிய நேரத்தை எங்கள் விரல்கள் தின்றன. மூன்றாம் சுற்றில் என்னுடையது இரண்டு சிப்பாய் கூடுதலாக வைத்துக்கொண்டு நேரத்தில் தோற்றது. காரணம், ஒரு கையில் நாசி கண்டார் (குழம்புச் சோறு) பொட்டலம். குழம்பு விசைப்பலகைக்குள் இறங்கி, அந்த 'எஃப்' விசை இன்றைக்கும் ஒட்டிக்கொள்கிறது.

எனக்கு அதைவிட வருத்தம் வேறு. சாயங்காலம் முடிந்த கையோடு எல்லோரும் ஒயரைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டோம். உன் எஞ்சினுக்குள் என்னப்பா இருக்கிறது என்று ஒருவரும் ஒருவரைக் கேட்கவில்லை.

இந்த முறை பத்து எஞ்சின் வரும் போலிருக்கிறது. கணக்கு இதுதான். ஓர் ஆட்டம் 80 நகர்த்தல் போனால் 15+5க்கு முக்கால் மணி நேரம், 30+10க்கு ஒன்றரை மணி நேரம், 60+15க்கு இரண்டே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆக, போன வருடம் மாதிரியே ஒரே நாளில் முடிக்கலாம். அல்லது சனி ஞாயிறு இரண்டு நாளும், எல்லோரும் எல்லோரோடும் 9 சுற்று, 30+10. அல்லது 60+15 வைத்து இரண்டு வார இறுதிக்கு இழுக்கலாம். ஹாலந்தில் லெய்டனில் போட்டியை இரண்டு வார இறுதியாக நடத்தியிருக்கிறார்கள்.

என்ன சொல்கிறீர்கள்?

---

கணக்குப்பிள்ளை | வெள்ளி, இரவு 9.52

அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள். முதலில் எதற்காகக் கூட வேண்டும்?

எது பலமான எஞ்சின் என்று தெரிய வேண்டுமென்றால் ஒன்பது ஆட்டம் ஒன்றுக்கும் உதவாது. சமபலமுள்ள இரண்டு எஞ்சின், பாதி ஆட்டம் டிரா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது ஆட்டம் முடிந்து நீங்கள் சொல்லும் எலோவில் (ஆடும் பலத்தைக் காட்டும் எண்ணில்) 170 புள்ளி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தவறு இருக்கலாம். நூறு ஆட்டம் ஆடினால் 50க்குக் கொஞ்சம் கீழே வரும். ஆயிரம் ஆடினால் 15. ஐந்து புள்ளி வித்தியாசத்தைப் பிடிக்க வேண்டுமா? பத்தாயிரத்தை நெருங்க வேண்டும். ஸ்டாக்ஃபிஷ் எஞ்சின்காரர்கள் ஃபிஷ்டெஸ்ட் என்கிற தங்கள் சோதனைக் களத்தில் ஒரு சின்ன மாற்றத்தைச் சேர்ப்பதற்கு முன் ஆயிரக்கணக்கில் ஆட்டம் ஓட்டுவது சும்மா இல்லை. டிசெக் என்கிற எஞ்சின் போட்டியின் இறுதிச் சுற்றிலும் நூறு ஆட்டம். 50 தொடக்கம், ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி ஆட வைக்கிறார்கள்.

எல்லோரும் எஞ்சினை எனக்கு அனுப்பிவிடுங்கள். பத்து எஞ்சின் என்றால் 45 ஜோடி. ஜோடிக்கு நூறு ஆட்டம், சின்ன நேரம், வீட்டில் சும்மா கிடக்கும் 16 கோர் கணினி. ஒரு வாரத்தில் துல்லியமான பட்டியல் கையில். யாருக்கும் பெட்ரோல் செலவில்லை, யார் விசைப்பலகையிலும் குழம்பு இல்லை.

---

ஈப்போ வெள்ளைக்காப்பி | வெள்ளி, இரவு 9.58

குழம்பு இல்லாத சந்திப்புக்கு நான் வரவில்லை.

---

பழைய பலகை | வெள்ளி, இரவு 11.20

கணக்குப்பிள்ளை தம்பி சொல்லும் கணக்கில் பிழையில்லை. நானும் முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன்தான். ஆனால் கேள்வியையே மாற்றிப் போட்டுவிட்டார். போட்டி வைப்பது அளப்பதற்கு என்றே எடுத்துக்கொண்டுவிட்டார்.

முதல் உலகக் கணினிச் செஸ் போட்டி 1974இல் ஸ்டாக்ஹோமில் நடந்தது. 13 நிரல்கள், நாலே சுற்று. சோவியத்தின் கைஸ்ஸா நாலுக்கு நாலு வாங்கியது. அதன் கணினி மாஸ்கோவில். நகர்த்தல்கள் தொலைபேசியில் வந்தன. அமெரிக்காவின் செஸ் 4.0தான் ஜெயிக்கும் என்று எதிர்பார்த்தார்கள். அது இரண்டாம் சுற்றிலேயே கேயாஸ் என்கிற நிரலிடம் தோற்றது. கேயாஸ் ஒரு குதிரையை ஒரு சிப்பாய்க்காக வெட்டக் கொடுத்து, மெல்ல மெல்ல நெருக்கி ஜெயித்த ஆட்டம் அது. இன்றைக்கும் தேடிப் பார்த்து ஆடிப் பாருங்கள்.

நாலு சுற்றுதான் என்பதால் கைஸ்ஸாவும் செஸ் 4.0வும் மோதவேயில்லை. அதற்காக யாரும் வீட்டுக்குப் போய்விடவில்லை. போட்டி முடிந்த பிறகு, பட்டியலில் சேராத ஆட்டம் ஒன்றை இரண்டுக்கும் இடையில் வைத்தார்கள். டிராவில் முடிந்தது. பனிப்போர்க் காலம், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் புள்ளிக்கும் உதவாத அந்த ஓர் ஆட்டத்துக்காக இரண்டு நாட்டு ஆட்களும் உட்கார்ந்தார்கள் பாருங்கள், அது ஒரு வாரம் உங்கள் 16 கோரை ஓட விட்டால் வருமா?

அப்புறம் அதே உலகப் போட்டி, 1995, ஹாங்காங். நம் பக்கத்து ஊர் மாதிரி. ஐந்து சுற்று. ஐபிஎம்மின் டீப் புளூ முன்மாதிரி வந்தது, கணினி என்னவோ நியூயார்க்கில். ஃபிரிட்ஸ் என்கிற நிரல் 90 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் ஒன்றில் ஓடியது. இரண்டும் மோதிய ஆட்டத்தின் நடுவில் நியூயார்க் இணைப்பு அறுந்தது. டீப் புளூ தோற்றது, ஃபிரிட்ஸ் பட்டம் வாங்கியது. நூறு ஆட்டம் வைத்திருந்தால் அது நடந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நூறு ஆட்டத்தைப் பற்றி முப்பது வருடம் கழித்து நான் இங்கே எழுதிக்கொண்டிருக்கவும் மாட்டேன். இரண்டே வருடத்தில் டீப் புளூ உலகச் சாம்பியன் காஸ்பரோவை மூன்றரைக்கு இரண்டரை என்று ஜெயித்தது வேறு கதை.

என் ஓட்டு இரண்டு வார இறுதி, 60+15.

---

மலர் பாயான் | சனி, காலை 6.40

நைட் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சார், இரண்டு வார இறுதி என்பது ஓய்வு பெற்றவர்களுக்கு இனிக்கும். எனக்கு நாலு நாள் வேலை, நாலு நாள் லீவு என்று சுழற்சி. ஒரு வார இறுதி கிடைத்தால் அடுத்தது கிடைக்காது. வீட்டில் இரண்டு பிள்ளைகள் வேறு. சனிக்கிழமை முழுக்கக் காணாமல் போவதற்கே மாமியாரிடம் ஒரு மாதம் முன்னாலேயே சொல்லி வைக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். "பேசிப் பழகுவதற்காகத்தான் கூடுகிறோம்" என்கிறோம். போன வருடம் பேச்சு எங்கே நடந்தது? படிக்கட்டில், சிகரெட் பிடிக்கும் இடத்தில். இடைவேளை விட்டவுடன் பாதிப் பேர் கீழே இறங்கிவிட்டார்கள். மேலே நானும், மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு தம்பியும், இரண்டு பேரும் ஆளுக்கொரு கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு. எத்தனை மணி நேரம் வைத்தாலும் இதுதான் நடக்கும் என்றால், கணக்குப்பிள்ளை சொல்வதே மேல். அனுப்பிவிட்டு வீட்டில் தூங்குவேன்.

---

பிறைக்காரன் | சனி, காலை 8.05

மலர், அந்தப் படிக்கட்டில் நானும்தான் நின்றேன். எனக்கு உறைக்கவேயில்லை. மன்னிக்கவும்.

---

செந்தூல் சிப்பாய் | சனி, காலை 10.31

கேஎல்காரன் (கோலாலம்பூர்) பக்கத்துக் கதையையும் கேளுங்கள். சென்ட்ரலிலிருந்து பட்டர்வொர்த்துக்கு ஈடிஎஸ் ரயிலில் நாலு மணி நேரம், அதற்கு மேல் ஃபெரி. ஒரு நாள் போட்டிக்கு எட்டு மணி நேரம் ரயிலில் உட்கார வேண்டும். இரண்டு வார இறுதி என்றால் பதினாறு. இரண்டு தடவை ஹோட்டல் வேறு. வேண்டவே வேண்டாம். வந்தால் ஒரே தடவை, சனி ஞாயிறு, நிம்மதியாக. பள்ளி விடுமுறையும் தைப்பூசமும் தீபாவளியும் இல்லாத வாரமாகப் பாருங்கள், இல்லாவிட்டால் டிக்கெட்டே கிடைக்காது.

கையால் காய் நகர்த்துவதை விட்டுவிடலாமே என்பது என் யோசனை. 2000இல் யூசிஐ என்கிற பொது இணைப்பு மொழி வந்த நாளிலிருந்து எந்த எஞ்சினையும் எந்த மென்பொருளிலும் பூட்டலாம். கியூட்செஸ் என்கிற போட்டி நடத்தும் மென்பொருளைப் போட்டுவிட்டு, இரண்டு மடிக்கணினியை ஒரு கேபிளில் கோர்த்துவிட்டால் தானாக ஓடும். பெரிய திரையில் ஐந்து ஆட்டத்தையும் காட்டலாம். நாம் கையைக் கட்டிக்கொண்டு பேசலாம். 15+5 போதும், ஒன்பது சுற்றும் ஒரே நாளில் முடியும். மறுநாள் ஊர் சுற்றலாம்.

---

சூலியா தெரு பாய் | சனி, பகல் 12.15

தேதி பார்க்கும்போது நோன்பு மாதத்தையும் தள்ளிவிடுங்கள் அண்ணே. நான் வருவேன், வந்து எல்லோரும் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். பாவம் இல்லையா?

சனிக்கிழமை லுஹர் தொழுகைக்கு ஒன்றே கால், ஒன்றரை மணி வாக்கில் போய் வர வேண்டும். போன தடவை போய்த் திரும்புவதற்குள் ஐந்தாம் சுற்று ஆரம்பித்து ஏழு நிமிடம் ஓடியிருந்தது. யார் மேலும் குறையில்லை, அவசரத்தில் நடந்தது. பகல் இடைவேளை நீளமாக இருக்கட்டும்.

---

பழைய பலகை | சனி, பகல் 2.48

மலர் சொன்னது முள் மாதிரி குத்தியது. சரியான இடத்தில்தான் குத்தியது. இரண்டு வார இறுதி என்று நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

செந்தூல் தம்பிக்கு ஒரு பதில். தானாக ஓட விட்டால் கை சும்மா இருக்கும், பேசலாம் என்கிறீர்கள். நான் பார்த்தவரையில் கை சும்மா இருந்தால் கைத்தொலைபேசிக்குத்தான் போகிறது. பெரிய திரையைப் பார்த்தபடி வரிசையாக உட்கார்ந்தால் அது சினிமாக் கொட்டகை. பக்கத்தில் இருப்பவர் முகமே தெரியாது.

கையால் ஆடும்போது என்ன நடக்கிறது பாருங்கள். பலகைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். இரண்டு பேரும் யோசிக்க வேண்டியதில்லை, ஆனால் எழுந்து போகவும் முடியாது. மனிதர்கள் ஆடும் போட்டியில் எதிராளியோடு வாய் திறந்தால் நடுவர் வந்து நிற்பார். நம் போட்டியில் எதிராளியோடு தாராளமாகப் பேசலாம். "உன்னுடையது யாருக்கு எவ்வளவு சாதகம் என்று காட்டுகிறது?" "எனக்குப் பூஜ்யம் புள்ளி மூன்று, உனக்கு?" "எனக்கு ஒன்று புள்ளி இரண்டு, அதுவும் எனக்குச் சாதகம்!" இரண்டில் ஒன்று உளறுகிறது என்று இருவருக்கும் தெரியும், எது என்று தெரிய இன்னும் பத்து நகர்த்தல் ஆகும். இப்படி ஒரு பேச்சு வேறு எந்த விளையாட்டில் உண்டு?

அதனால்தான் நேரம் முக்கியம் என்கிறேன். 15 நிமிடத்தை அறுபது நகர்த்தலுக்குப் பங்கு போட்டு, கூடுதல் 5 வினாடியையும் சேர்த்தால் நகர்த்தலுக்கு 20 வினாடி. அதில் கால்பங்கு கை வேலை. மீதியில் பேச்சுத் தொடங்குவதற்குள் கடிகாரம் கூப்பிட்டுவிடும். 30+10 என்றால் 40 வினாடி. எதிராளியுடையதும் சேர்ந்தால் ஒன்றே கால் நிமிடத்துக்கு மேல். ஒரு கேள்வி கேட்டு ஒரு பதில் வாங்கலாம். 60+15க்குப் போனால் இரண்டரை நிமிடம். அது எழுந்து போய் டீ குடிக்கத் தூண்டும் நேரம். ஒருவர் எழுந்தால் மற்றவர் தனியாக உட்கார்ந்திருப்பார், படிக்கட்டுக் கதைதான் மறுபடியும். நேற்று 60+15 கேட்டவன் நான்தான். இரவு படுக்கையில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு மனம் மாறிவிட்டது.

கையால் ஆடுவதில் வம்பும் உண்டு, மறைக்க மாட்டேன். 2003, ஆஸ்திரியாவின் கிராட்ஸ், அதே உலகக் கணினிப் போட்டி. ஜானி என்கிற எஞ்சின் ஷிரெடர் என்கிற எஞ்சினோடு தோற்கும் நிலையில் இருந்தது. ஒரே நிலை மூன்று முறை வந்துவிட்டது (கேட்டால் டிரா), திரையிலும் காட்டியது. ஜானிக்காகக் காய் நகர்த்திய ஆள் (நடத்துபவர்) டிரா கேட்கவில்லை. ஷிரெடரில் ஏதோ கோளாறு, அதை வைத்து அரைப் புள்ளி வாங்குவது முறையில்லை என்று நினைத்தார். ஆட்டம் தொடர்ந்து ஷிரெடர் ஜெயித்தது. கடைசியில் ஷிரெடரும் ஃபிரிட்ஸும் சமபுள்ளி, பிளே ஆஃபில் ஷிரெடருக்குப் பட்டம். அந்த அரைப் புள்ளி குறைந்திருந்தால் ஃபிரிட்ஸ் நேரடியாக ஜெயித்திருக்கும். பெரிய சண்டையாகிவிட்டது. எஞ்சின்களுக்கு இடையிலான போட்டியில் நடத்துபவரின் பெருந்தன்மைக்கு இடம் உண்டா என்று இன்றைக்கும் அடித்துக்கொள்கிறார்கள். அதே ஜானி 2015இல் லெய்டனில் உலகப் பட்டம் வாங்கியது. படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது.

---

கணக்குப்பிள்ளை | சனி, மாலை 4.10

சார், கிராட்ஸ் கதை என் பக்கத்துக்குச் சாட்சி. நடத்துபவர் நல்லவராக இருந்ததால் கோப்பை கை மாறியது.

---

பழைய பலகை | சனி, மாலை 4.22

ஆமாம். அதனால்தான் அந்தக் கோப்பையை யார் வாங்கினார் என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது.

---

ஈப்போ வெள்ளைக்காப்பி | சனி, மாலை 4.25

இரண்டு பேரும் டிரா கேளுங்கள், மூன்று முறை வந்துவிட்டது.

---

காலி கட்டம் | சனி, இரவு 11.47

வணக்கம். இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இதுதான் முதல் பதிவு. மலர் அக்கா சொன்ன மூலைத் தம்பி நான்தான்.

எனக்குப் புது ஆட்களிடம் பேச வராது. இடைவேளை என்றால் எனக்குப் பயம். பத்து நிமிடம் எங்கே நிற்பது, யாரோடு நிற்பது என்றே தெரியாது. இடைவேளையைக் கூட்டினால் எல்லோரும் பழகிவிடுவார்கள் என்று நினைக்கிறீர்கள். என் மாதிரி ஆளுக்கு ஆட்டம் நடக்கும் நேரம்தான் சௌகரியம். முன்னால் பலகை இருக்கிறது, பார்க்க ஒரு பொருள் இருக்கிறது, பேச்சு தானாக வரும். வராவிட்டாலும் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

போன வருடம் நாலாம் சுற்றில் என் எஞ்சின் செல்லாத நகர்த்தல் செய்து தோற்றது. யானை இல்லாத பக்கம் கோட்டை கட்ட (ராஜாவையும் யானையையும் சேர்த்து நகர்த்த) பார்த்தது. யானையை எதிராளி அதன் சொந்தக் கட்டத்திலேயே வெட்டினால் கோட்டை கட்டும் உரிமையை நீக்க வேண்டும் என்பதை நான் எழுதவில்லை. யானை நகர்ந்தால் நீக்கும், ராஜா நகர்ந்தால் நீக்கும், யானை செத்தால் நீக்காது. நானும் சோதிக்காமல் வரவில்லை. தொடக்க நிலையிலிருந்து ஐந்து அரைநகர்த்தல் (ஒரு பக்கம் ஒரு தடவை வைப்பது) வரை பெர்ஃப்ட், அதாவது ஆடக்கூடிய எல்லா வரிசைகளையும், எண்ணிப் பார்த்தேன், 4,865,609 என்று சரியாக வந்தது. அதனால் எல்லாம் சரி என்று நம்பிவிட்டேன்.

எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் சூலியா தெரு பாய் அண்ணன். புள்ளி கிடைத்ததும் எழுந்து போகவில்லை. பொட்டலம் கட்டி வந்த பழுப்புத் தாளைத் திருப்பி, எண்ணெய் படாத மூலையில் ஒரு பலகை வரைந்தார். ஐந்து அரைநகர்த்தலுக்குள் கோட்டை கட்ட வழி திறந்து, யானையும் வெட்டுப்பட நேரமே இல்லை, அப்புறம் எப்படித் தம்பி பிழை தெரியும் என்றார். கிவிபீட் என்ற சோதனை நிலையைப் போட்டுப் பார், நாலாவது ஆழத்தில் 4,085,603 வர வேண்டும் என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தார். அன்று இரவு சுங்கைப்பட்டாணிக்குப் போகும் பஸ்ஸில் மடிக்கணினியைத் திறந்து ஓட்டினேன். வரவில்லை. பினாங்கு பாலம் தாண்டுவதற்குள் பிழையைக் கண்டுபிடித்துவிட்டேன். அந்தத் தாள் இன்னும் மசாலா வாசத்தோடு என்னிடம் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை அண்ணனுக்கு அனுப்பியிருந்தால் "உன் எஞ்சின் 31 ஆட்டத்தில் செல்லாத நகர்த்தல்" என்று ஒரு பட்டியல் வந்திருக்கும். அதுவும் உதவியாகத்தான் இருந்திருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. எனக்குக் கையால் ஆடுவதும் 30+10உம் பிடித்திருக்கிறது. அவ்வளவுதான்.

---

சூலியா தெரு பாய் | ஞாயிறு, காலை 7.30

அந்தப் பொட்டலத்துக்கு நான் காசு கொடுத்தேன் தம்பி, தாளையாவது திருப்பிக் கொடு.

---

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, காலை 9.18

சரி, இரண்டையும் செய்யலாம். சந்திப்புக்கு ஒரு வாரம் முன்னால் எஞ்சினை எனக்கு அனுப்புங்கள். முதலில் செல்லாத நகர்த்தல், நேரத் தோல்வி, பாதியில் செத்துப் போவது, இதையெல்லாம் பார்த்து அவரவருக்குத் தனியாகச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் ஜோடிக்கு நூறு ஆட்டம் ஓட்டுகிறேன். பட்டியலை யாருக்கும் காட்ட மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை கடைசிச் சுற்று முடிந்து கோப்பை கொடுத்த பிறகு திரையில் போடுகிறேன். யார் அதிர்ஷ்டத்தில் ஜெயித்தார், யார் உண்மையில் பலசாலி என்று அங்கேயே தெரிந்துவிடும். சிரிப்பாக இருக்கும்.

என் கருத்து மாறவில்லை. நியாயமாகப் பார்த்தால் கோப்பை அந்தப் பட்டியலில் முதலில் இருப்பவருக்குத்தான் போக வேண்டும். ஆனால் பெரும்பான்மை வேறு பக்கம் நிற்கிறது, விட்டுவிடுகிறேன்.

---

செந்தூல் சிப்பாய் | ஞாயிறு, காலை 9.40

கோப்பை வாங்கியவனுக்கு முன்னாலேயே "நீ ஏழாவது" என்று திரையில் போடுவதா? கொடுமைடா சாமி. எனக்கு முழுச் சம்மதம்.

ஆனால் ஒன்பது சுற்றும் 30+10உம் இரண்டு நாளில் அடங்குமா? ஞாயிறு நாலு சுற்று வைத்தாலே ஆறு மணி நேரம். சாப்பாட்டையும் சேர்த்தால் மாலை நாலுக்கு மேல். அப்புறம் ஃபெரி, ரயில், கேஎல் வந்து சேர நள்ளிரவு. திங்கள் காலை வேலை.

---

பிறைக்காரன் | ஞாயிறு, பகல் 1.05

நானும் அதைத்தான் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் எல்லோரோடும் மோத வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டால் வழி இருக்கிறது. ஸ்டாக்ஹோமில் 13 பேருக்கு நாலு சுற்று போதுமென்றால் நமக்குப் பத்துப் பேருக்கு ஏழு சுற்று தாராளம். ஸ்விஸ் முறை (சமபுள்ளிக்காரர்களை மோத விடுவது), 30+10, கையால்.

சனி காலை 9.30 முதல் சுற்று. பகல் 12.45 வாக்கில் இரண்டு சுற்று முடியும். 2.45 வரை இடைவேளை. பாய் நிதானமாகத் தொழுதுவிட்டு வரலாம். அப்புறம் இரண்டு சுற்று, ஆறு மணிக்கெல்லாம் முடிந்துவிடும். ஞாயிறு 9க்கு ஆரம்பித்து மூன்று சுற்று, ஒன்றரைக்கு முடிவு, கோப்பை, கணக்குப்பிள்ளையின் திரை. செந்தூல் மூன்று மணி ஃபெரியைப் பிடிக்கலாம்.

சாப்பாடு அறைக்குள் வராது. எல்லோரும் ஒன்றாகக் கடைக்குப் போகிறோம், ஒரே மேசை. பேச விருப்பமில்லாதவர் மேலேயே பலகையோடு இருக்கலாம், சாவி என்னிடம் இருக்கும், பூட்ட மாட்டேன். கைஸ்ஸா மாதிரி, ஜோடி சேராத இரண்டு பேர் இடைவேளையில் சும்மா ஓர் ஆட்டம் வைத்துக்கொண்டாலும் சரி. சிகரெட் பிடிப்பவர்கள், நான் உட்பட, சுற்று ஆரம்பிப்பதற்கு முன்னால் முடித்துக்கொள்ள வேண்டும்.

நேரத் தோல்வி விஷயத்தில் ஒரு விதி. நடத்துபவர் தாமதத்தால் கொடி விழுந்தால் (நேரம் தீர்ந்தால்), முதல் தடவை இரண்டு நிமிடம் சேர்த்துக் கொடுத்து ஆட்டத்தைத் தொடரலாம். இரண்டாம் தடவை தோல்வி. சார்தான் நடுவர். மூன்று முறை வந்தால் டிரா, கேட்டாலும் கேட்காவிட்டாலும். கிராட்ஸ் வம்பு நமக்கு வேண்டாம்.

---

பழைய பலகை | ஞாயிறு, பகல் 1.30

நடுவராக இருக்கிறேன். ஆனால் என் எஞ்சினும் ஆடுகிறது. என் ஆட்டத்தில் தகராறு வந்தால் மலர் முடிவு சொல்லட்டும்.

---

மலர் பாயான் | ஞாயிறு, மாலை 5.50

சார், சனிக்கிழமை முழுக்க நான் இருப்பேன், சொல்கிறேன். ஞாயிறு இரவு ஷிப்ட், காலையில் தூங்கினால்தான் தாங்கும். அந்த மூன்று சுற்றுக்கு என் எஞ்சினை யாராவது நடத்த முடியுமா? மடிக்கணினியை அறையிலேயே விட்டுவிட்டுப் போகிறேன்.

---

காலி கட்டம் | ஞாயிறு, மாலை 6.02

என்னுடையதும் உங்களுடையதும் ஒரே சுற்றில் ஆடுமே அக்கா, இரண்டு பலகையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் நான் நடத்துகிறேன். 30+10 என்பதால் முடியும் என்று நினைக்கிறேன். இரண்டும் ஒன்றோடொன்று மோதினால் மட்டும் வேறு ஆள் வேண்டும்.

---

ஈப்போ வெள்ளைக்காப்பி | ஞாயிறு, மாலை 6.10

அப்போது நான் உட்காருகிறேன். இந்த இழையில் நான் செய்யும் முதல் உருப்படியான காரியம்.

---

மலர் பாயான் | ஞாயிறு, மாலை 6.31

நன்றி தம்பி. ஹாஷ் (எஞ்சினின் நினைவக அளவு) 512 வைத்திருக்கிறேன், மாற்ற வேண்டாம். சார்ஜர் தளர்வாக இருக்கும், இடது பக்கம் சாய்த்துச் செருகினால்தான் பிடிக்கும். ஆட்டத்தின் நடுவில் எஞ்சின் அசையாமல் நின்றுவிட்டதாகத் தோன்றினால் பயப்படாதே, முப்பது நகர்த்தலுக்கு மேல் அது அப்படித்தான் ஒரு தடவை நீளமாக யோசிக்கும், மறு இயக்கம் செய்துவிடாதே. கடையிலிருந்து வந்ததும் கையைக் கழுவிவிட்டுத் தொடு. பிறைக்காரன் அண்ணனைக் கிட்டவே விடாதே.